பூர்வீக ஊரைத் தேடப் பழைய நிலத்தோற்ற வரைபடம் எவ்வாறு உதவும்?

குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குகிறவர்களிடம் பழைய அரசாங்க வரைபடங்களைப் பற்றி எதிரெதிரான இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. ஆங்கிலேயர் காலத்து ‘சர்வே மேப்’ ஒன்று கிடைத்துவிட்டால் பாட்டனாரின் வீடும் நிலமும் அதில் பெயரோடு இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். மலையும் ஆறும் காட்டுகிற படத்துக்கும் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று வேறு சிலர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் தரப்பினர் ஏமாற்றமடைகிறார்கள். இரண்டாம் தரப்பினர் நல்ல சான்று ஒன்றை இழக்கிறார்கள்.

நிலத்தோற்ற வரைபடம் என்பது மேடு பள்ளம், நீர்நிலை, ஊர், பாதை, காடு, வயல் ஆகியவற்றை அளந்து குறியீடுகளால் காட்டும் படமாகும். அரசுத் துறைகளில் இதனை ‘டோப்போ ஷீட்’ என்பார்கள். யார் எங்கே வாழ்ந்தார்கள் என்பதை அது சொல்லாது. அவர்கள் வாழ்ந்த இடம் எவ்வாறு அமைந்திருந்தது, எந்த ஊருக்கு எந்த வழியாகப் போனார்கள், எந்தப் பெயரில் ஆவணத்தைத் தேட வேண்டும் என்பவற்றைச் சொல்லும். தமிழ்நாட்டுக் கிராமங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனைப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிராமத்தைக் காட்டும் அரசுப் படங்கள் ஒரே வகையானவை அல்ல.

முதலாவது, எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் புலப்படம். இது ஒரே ஒரு புல எண்ணுக்கு, அதாவது சர்வே நம்பருக்கு உரிய நிலத்தின் பக்க அளவுகளைக் காட்டும். இரண்டாவது, கிராம வரைபடம். இது ஒரு வருவாய்க் கிராமத்தின் புல எண்கள் அனைத்தையும் ஒரே தாளில் காட்டும்; பழைய படங்கள் பெரும்பாலும் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டன. இவ்விரண்டும் நிலவரி வசூலுக்காக மாகாண அரசு நடத்திய அளவையில் பிறந்தவை. சென்னை மாகாணத்தில் அந்த வருவாய் அளவை 1858இல் தொடங்கியது. புல எண்ணுக்கு உரியவரின் பெயர் படத்தில் இராது. கிராமத்தின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில்தான் இருக்கும். தாத்தாவின் பெயரை அச்சில் பார்க்க விரும்புகிறவர் போக வேண்டிய இடம் அந்தப் பதிவேடுதான்.

மூன்றாவதுதான் நாம் பேசும் நிலத்தோற்ற வரைபடம். இதனைத் தயாரித்தது 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை. படை நடத்தவும் சாலையும் ரயில் பாதையும் போடவும் நிர்வாகம் செய்யவும் உருவாக்கப்பட்ட படம் என்பதால், நில உரிமை அதன் நோக்கத்திலேயே இல்லை.

சுருக்கமாக: ஒரு வயலின் அளவுக்குப் புலப்படம், ஒரு கிராமத்தின் வயல்களுக்குக் கிராம வரைபடம், பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரத்தின் அமைப்புக்கு நிலத்தோற்ற வரைபடம்.

படத்தில் உள்ள ஆண்டு எதைக் குறிக்கிறது?

ஒரு கல்யாணத்தில் எடுத்த குழுப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மேடையில் நின்றவர்கள் அதில் இருப்பார்கள். சமையற்கட்டில் இருந்த சித்தப்பா இருக்கமாட்டார். அவர் படத்தில் இல்லை என்பதால் கல்யாணத்துக்கு வரவில்லை என்று ஆகிவிடாது. அதே படத்தை முப்பது ஆண்டு கழித்து மறுபிரதி எடுத்து அதன் பின்புறம் புதிய தேதியை எழுதினாலும், படத்தில் உள்ள முகங்களின் வயது மாறாது.

வரைபடத்தின் ஓரக் குறிப்புகளை இந்த எண்ணத்தோடு படிக்க வேண்டும். நிலத்தை அளந்த ஆண்டு, முதலில் அச்சிட்ட ஆண்டு, மறுபதிப்பு ஆண்டு என்று பல ஆண்டுகள் அங்கே இருக்கும். 1914–15இல் அளந்து, சில ஆண்டுகள் கழித்து அச்சிட்டு, 1940களில் மறுபதிப்பான ஒரு தாளைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுபதிப்பின்போது ரயில் பாதை, பெரிய சாலை போன்ற சிலவற்றை மட்டும் அலுவலகத்திலேயே திருத்தியிருக்கலாம். அப்போது சாலை 1940களையும், அதன் ஓரத்தில் உள்ள ஊர் 1914–15ஐயும் காட்டும். ஒரே தாளில் இரண்டு காலங்கள் கலந்திருப்பதை உணராமல் எழுதப்பட்ட ஊர் வரலாறுகள் உண்டு. நிலம் அளந்த ஆண்டைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சிட்ட ஆண்டுக்கு இரண்டாம் இடம்தான்.

அளவைக் குழுக்கள் பெரும்பாலும் மழைக்குப் பிந்தைய மாதங்களிலிருந்து கோடை வரை களத்தில் வேலை செய்தன என்பதும் முக்கியமானது. ஆகவே, ஐப்பசியில் நிரம்பி வழியும் கண்மாய் படத்தில் வறண்ட நீர்நிலையாகத் தோன்றலாம்.

எப்படி அளந்தார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால்தான் படத்தின் எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் மிகுந்த கவனத்தோடு அளந்தார். அதற்கு அடிக்கோடு என்று பெயர். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம் என்பது பள்ளிக் கணக்கு. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றைக் கோணமானியால் பார்த்தால், அந்தக் குன்றுக்கு உள்ள தொலைவு கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று நாடு முழுவதும் பின்னிச் செல்வதே முக்கோண அளவை.

லாம்டனின் பெரிய கோணமானி அரை டன் எடை கொண்டது. குன்றுகள் இல்லாத தஞ்சைச் சமவெளியில் உயரமான இடம் வேண்டும் என்பதற்காக 1808இல் அதனைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி விமானத்தில் மோதிச் சேதமடைந்தது. காவிரிப் படுகையை அளப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இந்த நிகழ்ச்சி ஒன்றே போதும்.

முக்கோண அளவை தந்தவை உறுதியான புள்ளிகள் மட்டுமே. அவற்றுக்கு இடையில் உள்ள ஊரையும் ஓடையையும் வரைந்தது சமதள மேசை முறை. முக்காலியின் மேல் ஒரு பலகை. அதில் ஒட்டிய தாளில் உறுதியான புள்ளிகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அளவையாளர் வெட்டவெளியில் நின்று, பார்வைக் கோல் வழியே தெரிந்த குன்றுகளை நோக்கித் தாம் நிற்கும் இடத்தைத் தாளில் கண்டறிந்து, சுற்றிலும் கண்ணுக்குத் தெரிவனவற்றை அங்கேயே வரைந்தார். வானிலிருந்து எடுக்கும் நிழற்படங்கள் வழக்கத்துக்கு வரும்வரை இதுவே முறை. இதன் விளைவைப் படத்தில் இன்றும் காணலாம். குன்று, கோயில் கோபுரம், கண்மாய்க்கரை, சாலைச் சந்திப்பு ஆகியவை வியக்கத்தக்க துல்லியத்தோடு இருக்கும். ஊருக்குள் உள்ள தெருக்கள் தோராயமாகவே இருக்கும்.

தாள் எண்ணும் அளவையும்

1905க்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் ஒரே வகையான எண் முறை வந்தது. அட்சக்கோட்டில் நான்கு பாகை, தீர்க்கக்கோட்டில் நான்கு பாகை கொண்ட பெரிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58ஆம் கட்டத்தில் அடங்கும். வடபகுதி 57, 66 ஆகியவற்றில் வரும். பெரிய கட்டம் பதினாறாகப் பிரிந்து ‘ஏ’ (A) முதல் ‘பி’ (P) வரையிலான பதினாறு ஆங்கில எழுத்துகளைப் பெறும். அவை ஒவ்வொன்றும் மறுபடியும் பதினாறாகப் பிரிந்து 1 முதல் 16 வரை எண் பெறும். எழுத்தும் எண்ணும் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்கி, பிறகு கிழக்கே நகரும். மதுரை நகர் 58 கே/1 என்ற தாளில் விழுகிறது. தஞ்சாவூர் 58 என்/1. இப்படிப்பட்ட ஒரு தாள் ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காட்டும். உங்கள் ஊரின் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் தெரிந்தால் தாள் எண்ணை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

இங்கே அளவை (ஸ்கேல்) என்பது தாளில் உள்ள தொலைவுக்கும் தரையில் உள்ள தொலைவுக்கும் இடையிலான விகிதம். பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 என்ற அளவையில் இருக்கும். மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு வந்தவை 1:50,000. இந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பல தவறான எதிர்பார்ப்புகளைத் தீர்த்துவிடும். ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு வீட்டை உள்ளபடி வரைந்தால் மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் வரும், கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஊர் இருக்கும் இடத்தில் காணப்படும் சிறு கட்டங்களை ஒவ்வொன்றும் ஒரு வீடு என்று எண்ணிக் கணக்கெடுப்பது பிழை. அவை ‘இங்கே குடியிருப்பு இருந்தது, இந்த வடிவில் பரவியிருந்தது’ என்று மட்டுமே சொல்கின்றன.

படத்தை வாசித்தல்

வண்ணத் தாள்களில் நீலம் நீரையும், பச்சை மரம் செடிகளையும், மஞ்சள் சாகுபடி நிலத்தையும், சிவப்பு சாலையையும் குடியிருப்பையும், கறுப்பு பெயர்களையும் ரயில் பாதையையும் எல்லைகளையும் குறிக்கும். பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமநிலம். ஓர் அங்குலத் தாள்களில் கோட்டுக்குக் கோடு பெரும்பாலும் 50 அடி உயர வேறுபாடு இருக்கும் என்பதால், காவிரிப் படுகையின் தாள்களில் பழுப்புக் கோடே அரிது. அங்கே நிலத்தின் சரிவை வாய்க்கால்கள் ஓடும் திசையைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

இவற்றைவிடக் கிராம வரலாற்றுக்குப் பயன்படுவது தாளின் அடியில் உள்ள முறைக்குறியீட்டு அட்டவணை. அதை உருவாக்கியவர்கள் எவ்வளவு நுணுக்கமாக நாட்டைப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மதிப்பை ஏற்படுத்துகிறது. பனைமரத்துக்குத் தனிக் குறி, மற்றப் பனை வகைகளுக்கு வேறு குறி, வாழைக்கு ஒன்று, மூங்கிலுக்கு ஒன்று. சுவர் எடுத்துக் கட்டிய கிணற்றுக்கும் கட்டாத கிணற்றுக்கும் வெவ்வேறு குறி. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சமாதி, கோட்டை, அஞ்சலகம், காவல் நிலையம், பயணியர் மாளிகை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியோ எழுத்துச் சுருக்கமோ உண்டு. பாதைகளில் கல் பாவிய சாலை, மண் சாலை, வண்டிப்பாதை, பொதிமாட்டுப் பாதை, ஒற்றையடிப் பாதை என்ற வேறுபாடு காட்டப்படும். மக்கள் விட்டுப் போன ஊருக்கும் தனிக் குறி இருக்கிறது. தங்கள் முன்னோர் ஏதோ ஒரு காலத்தில் ஊரோடு கிளம்பி வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் முதலில் தேட வேண்டிய குறி அதுதான்.

ஒரு கண்மாய்க் கிராமத்தை இந்தக் குறிகளைக் கொண்டு வாசித்துப் பார்ப்போம். சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பகுதித் தாள்களில் கண்மாய்க் கரை வில் போல வளைந்த கோடாக இருக்கும். அதன் அருகில் ஓர் எண்ணும் சிறிய ‘ஆர்’ எழுத்தும் இருந்தால், அது சுற்றியுள்ள தரையிலிருந்து கரையின் உயரம். கடல் மட்டத்திலிருந்து அல்ல. வில்லின் உட்பக்கம் நீர் தேங்கும் இடம். வெளிப்பக்கம் மடை வழியே நீர் பாயும் ஆயக்கட்டு. கலிங்கிலிருந்து வெளியேறும் உபரி நீர் ஓடையாகச் சென்று அடுத்த ஊரின் கண்மாயில் சேருவதையும், அங்கிருந்து அதற்கடுத்த கண்மாய்க்குப் போவதையும் நீலக் கோட்டைத் தொடர்ந்து பார்க்கலாம். மேலூர்க் கண்மாய் நிரம்பினால்தான் கீழூருக்கு நீர் என்ற நிலையில், இந்த ஊர்களுக்கு இடையே முறைவைப்பும் வழக்கும் சமாதானமும் இருந்தே தீரும். உங்கள் குடும்பத்தில் பழைய தண்ணீர்த் தகராறு பற்றிய பேச்சு இருந்தால், எந்த ஊரோடு தகராறு என்பதைப் பெரும்பாலும் அந்த நீலக் கோடே காட்டிக்கொடுக்கும்.

மறைந்துபோன நீர்நிலைகளையும் இவ்வாறே மீட்டெடுக்கலாம். சென்னையில் தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியின் படுகையில் உருவானது. அதற்கு முந்தைய படங்களில் அங்கே மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் பக்கமாக நீண்டு கிடந்த ஏரியைத்தான் காண்போம். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை அமைந்துள்ள உலகனேரியும் கண்மாயாக இருந்த இடமே.

இதுவரை சொன்னதன் சாரம் இது: அளந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள், அளவையைக் கொண்டு எதிர்பார்ப்பை வரையறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நீரின் போக்கிலிருந்து ஊரை வாசியுங்கள்.

ஊர்ப் பெயரைத் தேடுவதில் உள்ள சிக்கல்

தேடுபவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் தளர்கிறார்கள். தாத்தா சொன்ன ஊரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பார்கள். காரணம் பெரும்பாலும் எளியது. அரசு ஆவணங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். குடும்பத்தின் நினைவில் இருப்பது அதன் உட்கடைக் கிராமத்தின் பெயர். பழைய பத்திரங்களில் இதனை ‘மஜரா’ என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இப்படிப்பட்ட பல சிற்றூர்கள் இருக்கலாம். நிலத்தோற்ற வரைபடம் வரி நிர்வாகத்தின் படம் அல்ல என்பதால், தரையில் இருந்த சிற்றூர்களின் பெயர்களைப் பெருமளவு காட்டுகிறது. அதில் சிற்றூரைக் கண்டுபிடித்து, அதே இடத்தைக் கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த வருவாய்க் கிராமத்துக்குள் அது விழுகிறது என்று அறிந்துகொண்டால், அதன் பிறகு அலுவலகத்தில் சரியான பெயரைச் சொல்லிக் கேட்கலாம். என் கருத்தில் குடும்ப வரலாற்றுக்கு இந்தப் படம் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு இது இன்னும் கூர்மையான தேவை. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்தே புறப்பட்டது. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி ஆகியவற்றோடு ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவையும் பதிவாகியுள்ளன. ஆனால் ஊர்ப் பெயர், சொன்னவர் வாயிலிருந்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து தேடினால் கிடைக்காது. தாலுகாவின் எல்லைக்குள் உள்ள தாள்களை எடுத்துக்கொண்டு, அச்சிட்ட பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், ஒலியில் நெருங்கி வரும் இரண்டு மூன்று ஊர்கள் பெரும்பாலும் அகப்படும்.

மாவட்ட எல்லைகளின் மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு உருவானது. ஆகவே 1890இல் ‘வட ஆர்க்காடு ஜில்லா’ என்று பதிவானவரின் ஊர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கலாம். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர் சார்ந்த ஆட்சிப் பகுதிகளாக இருந்தவை. அவற்றின் பழைய ஆவணங்களைச் சென்னை மாகாணத்துப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

தண்ணீருக்குள் போன ஊர்கள்

பழைய தாள்களைத் தவிர வேறு எங்கும் முழு உருவில் காண முடியாத ஊர்களும் உண்டு. மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை கட்டப்பட்டது. நீர்ப்பரப்பின் அடியில் போன கிராமங்களின் மக்கள் பல இடங்களுக்குப் பெயர்ந்தார்கள். நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே பழைய கோயிலின் நந்தி வெளியே தெரிவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அணைக்கு முன் அளந்த தாளில் அந்தக் கோயிலைச் சுற்றி இருந்த ஊரும், வயலும், காவிரிக் கரைப் பாதையும் இருக்கும். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணைக்குள் டணாய்க்கன்கோட்டை இவ்வாறே அமிழ்ந்தது.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. அதற்கு முந்தைய தாள்கள் ரயில் நிலையத்தையும், தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறையையும் காட்டுகின்றன. இலங்கைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு அந்த மணல் திட்டின் பழைய உருவம் பெரிய சான்று. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போடப்பட்டு 1980களில் நிறுத்தப்பட்ட ரயில் பாதையும் பழைய தாள்களில் நிலையங்களோடு இருக்கிறது. ‘ரயிலடித் தெரு’ என்று ஒரு தெரு இருந்து ரயிலே இல்லாத ஊர்க்காரர்கள் தங்கள் வட்டாரத் தாளைத் தேடிப் பார்க்கலாம்.

பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்துதல்

ஸ்கேன் செய்த பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதை ஜியோரெஃபரன்சிங் என்பார்கள். இரண்டிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளை அடையாளம் காட்டினால், மென்பொருள் பழைய தாளை இழுத்துப் பொருத்திவிடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். கூகுள் எர்த்திலும் ஓரளவு முடியும்.

புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. சாலைகள் நகர்ந்திருக்கும், ஆறுகள் போக்கை மாற்றியிருக்கும். குன்றின் உச்சி, பழைய கோயில், ரயில் பாலம், கண்மாய்க் கரையின் முனை ஆகியவை நம்பத்தக்கவை. தாளின் ஓரத்தில் அச்சிட்ட அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு எண்களை அப்படியே கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் இட்டு இடத்தைத் தேடக் கூடாது. அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்தை எவரெஸ்ட் என்ற பழைய கணக்கின்படி கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது வேறு கணக்கு. இதனால் தென்னிந்தியாவில் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். இடிந்த கிணற்றைத் தேடுபவருக்கு நூறு மீட்டர் என்பது வேறொருவரின் தோட்டம்.

எங்கே கிடைக்கும்?

இந்திய நில அளவைத் துறை இன்றைய 1:50,000 தாள்களைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தருகிறது. பழைய காலத்துக்கு, அமெரிக்கப் படையின் வரைபடப் பிரிவு 1950களில் வெளியிட்ட 1:250,000 அளவையிலான ‘யூ502’ வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. அவை பெரிதும் இந்திய நில அளவைத் துறையின் முந்தைய தாள்களைக் கொண்டு தொகுக்கப்பட்டவை. எனவே 1950களின் அச்சு அதைவிடப் பழைய ஊரைக் காட்டக்கூடும். கிராம வரைபடங்களுக்குச் சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தையும், பழைய வருவாய் ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம்.

படத்திலிருந்து பத்திரத்துக்கு

வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ இருந்தால், அதில் உள்ள செக்குபந்தி விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு’ என்று நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். இன்று அந்தப் பாதை தார்ச்சாலையாகவோ மனைப்பிரிவாகவோ மாறியிருக்கும். பழைய தாளில் அது வண்டிப்பாதையாகவே இருக்கும். ஓடையும் பாதையும் சந்திக்கும் கோணத்தைக் கண்டுகொண்டால் நிலம் இருந்த பக்கம் தெரிந்துவிடும். அதன் பிறகு கிராம வரைபடத்தில் அந்தப் பக்கத்துப் புல எண்களைக் குறித்து, ‘அ’ பதிவேட்டிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடலாம். ஜமீன் கிராமமாக இருந்தால், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் ரயத்துவாரிப் பதிவுகள் (உழவரிடம் அரசு நேரடியாக வரி வாங்கும் முறையின் பதிவுகள்) தொடங்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பத்திரமே இல்லாத குடும்பங்களே அதிகம். அவர்களுக்குக் குலதெய்வம் வழிகாட்டும். ஊர் மாறி மூன்று தலைமுறை ஆன பிறகும் பங்குனி உத்திரத்துக்கோ மகா சிவராத்திரிக்கோ குடும்பம் போகும் கோயில், பெரும்பாலும் பழைய குடியிருப்புக்கு அருகில் இருக்கும். அந்தக் கோயிலைத் தாளில் குறியுங்கள். பாட்டி, பூட்டி ஆகியோர் பிறந்த ஊர்களையும், பெண் கொடுத்த ஊர்களையும், மாட்டுச் சந்தைக்குப் போன ஊரையும் குறியுங்கள். நடையாகவும் வண்டியிலும் போய்வந்த காலத்தில் உறவு வளர்ந்த வழிகள், பாதைக் குறிகளோடு ஒத்துப்போவதைப் பல குடும்பங்களில் காண முடியும். இன்றைய பேருந்து வழியில் முப்பது கிலோமீட்டர் சுற்றிப் போகிற ஊர், ஒற்றையடிப் பாதையில் பத்துக் கிலோமீட்டராக இருந்திருக்கலாம்.

படம் சொல்லாதவை

ஊர்ப் பெயர்ப் பட்டியல்களை மாவட்ட நிர்வாகத்தின் வழியாகச் சரிபார்ப்பதே துறையின் வழக்கம். ஆகவே அச்சில் இருப்பது அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட பெயர். ஊரிலிருந்து சற்றுத் தள்ளிப் பெயர் எதுவும் இல்லாமல் சிறு குடியிருப்பு மட்டும் வரையப்பட்டிருப்பதைக் காண நேரும். பல இடங்களில் அது சேரியாக இருக்கும். அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் இடத்தை ஒரு பெயரால் அழைத்திருப்பார்கள். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள், பெயர் இல்லாத அந்தக் குடியிருப்பைத் தங்கள் முதியவர்களிடம் காட்டிப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது மிக அவசியமான வேலை என்று கருதுகிறேன். அச்சிட்ட எந்தத் தாளிலும் அது கிடைக்கப்போவதில்லை.

நில வழக்குக்கு இந்தப் படத்தைச் சான்றாகக் கொண்டு போவதும் வீண். தாளில் எல்லைக் கோட்டின் தடிமனே தரையில் பல மீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். எல்லைத் தகராறுக்குப் புலப்படமும், 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின்படி நட்ட கற்களும்தான் பேச வேண்டும்.

தேடலில் கிடைத்ததை எழுதி வைக்கும்போது தாள் எண், அளந்த ஆண்டு, அளவை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குறிப்போடும் சேர்த்து எழுதுங்கள். தாள் காட்டியதை ஒரு நிறத்திலும், பெரியவர்கள் சொன்னதை வேறு நிறத்திலும் குறியுங்கள். அவர்களிடம் தாளைக் கொடுத்து ‘நம் ஊர் எங்கே?’ என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். கண்மாய்க் கரையை விரலால் காட்டி, கோயிலுக்குப் போகும்போது அந்தக் கரை எந்தக் கைப்பக்கம் வரும், அடுத்து எந்த ஊரைத் தாண்டுவீர்கள் என்று கேட்டால் வழி முழுவதையும் சொல்லிவிடுவார்கள்.